தாடையெலும்பின் வரலாறு

மனிதனின் மண்டையோட்டில் அசையக்கூடிய எலும்பு ஒன்றே ஒன்றுதான். செவியினுள்ளே ஒலியைக் கடத்தும் மூன்று நுண்ணெலும்புகளை ஒதுக்கிவிட்டால், மற்றவையெல்லாம் ஒன்றோடொன்று பல் கோத்தாற்போல் பிணைந்து கிடக்கின்றன. கீழ்த்தாடை மட்டும் தனித்துத் தொங்குகிறது. உண்பதும் பேசுவதும் கொட்டாவி விடுவதும் அதன் தயவால் நடக்கின்றன. இந்த எலும்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அமைந்திருக்கிறது என்ற எளிய உண்மையை மக்கள் எவ்வாறு கண்டார்கள், கண்டபின் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதே இன்றைய பேச்சு.

காஞ்சிபுரத்திலிருந்து பேசுகிறவன் கோயிலையும் பட்டையும் விட்டுத் தாடையெலும்பைப் பிடித்துக்கொண்டானே என்று நீங்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. இவ்வூரில் 1909-ஆம் ஆண்டு பிறந்த அறிஞர் அண்ணா உணவுக் குழாயில் தோன்றிய புற்றுநோய்க்காக 1968-இல் நியூயார்க்கு நகரத்து மெமோரியல் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டில் அவர் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. நம் நாட்டு ஆடவரைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பது. வாய்ப்புற்றுக்குக் கத்தி எடுக்கும் மருத்துவர் பல வேளைகளில் தாடையெலும்பின்மீதும் கத்தி வைக்க நேர்கிறது. பல்லாண்டுகள் உடற்கூற்றியல் கற்பித்த எனக்கு, நகரத்தின் எல்லையில் இருக்கும் அம்மருத்துவமனையும் வகுப்பறை மேசைமேல் கிடக்கும் உலர்ந்த தாடையும் ஒரே பாடத்தின் இரு பக்கங்களாகத் தோன்றுகின்றன.

முதலில் எலும்பின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். குதிரையின் இலாடம் போல் வளைந்த நடுப்பகுதியில் பற்கள் பதிந்திருக்கின்றன. அதன் இரு கோடிகளிலும் பட்டையான இரண்டு தூண்கள் மேலெழுகின்றன. ஒவ்வொரு தூணின் உச்சியும் இரண்டாகப் பிரிகிறது. பின்முனை செவிக்கு முன்னால் மூட்டாக அமைகிறது. முன்முனைக்குக் கொரோனாய்டு என்று பெயர். காகத்தின் அலகைப் போன்றது என்று கண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உங்கள் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக்கொண்டு பற்களை அழுத்திக் கடியுங்கள். விரலின்கீழ் ஒரு தசை புடைக்கிறதன்றோ? அத்தசை வந்து பற்றிக்கொள்ளும் இடமே அக்காக்கை மூக்கு. தூணின் உட்புறத்தில் ஒரு துளை உண்டு. கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அத்துளை வழியாக எலும்பினுள் புகுந்து, குகைவழி போல் ஓடி, கடைவாய்க்கு முன்னுள்ள சிறு பற்களின் அருகே வெளிப்படுகிறது. இத்துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றும், அவை முகவாயில் இணைகின்றன என்றும் எழுதிவைத்தார். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் விலங்குகள். நாய் முதலியவற்றின் தாடையில் அவ்விணைப்பு வளர்ந்த பின்னும் தெளிவாகத் தெரியும். கேலனின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவும் அரபு நாடுகளும் நம்பின.

அந்த நம்பிக்கையை முதலில் சோதித்தவர் அப்துல் லத்தீப் என்னும் பாக்தாது அறிஞர். 1200-ஆம் ஆண்டு நைல் நதியில் வெள்ளம் வரவில்லை. எகிப்தில் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. மக்கள் வழிநெடுக மடிந்தனர், புதைப்பாரும் இல்லை. கெய்ரோவுக்கு அருகே அல்-மக்சு என்ற இடத்தில் எலும்புகள் குன்று போல் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு அவரும் அவருடன் இருந்தோரும் அங்கே சென்றனர். தாடையெலும்பைக் கையில் எடுத்தார். இணைப்பு எதுவும் தென்படவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதிலும் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளை இவ்வாறு பார்த்ததாகவும், ஒன்றிலேனும் தாடை இரண்டாக இருக்கவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். தாமே பார்த்ததோடு நில்லாமல் பிறரையும் பார்க்கச் சொன்னார். கேலன் பெரியவர்தாம், ஆயினும் கண் காட்டும் சான்று அவரினும் பெரிது என்பது அவர் முடிவு.

அவருடைய துணிவு வியப்புக்குரியதே. எனினும் என்னைப் பெரிதும் கவர்வது அந்த எண்ணிக்கை. ஓர் எலும்பைப் பார்த்தே அவர் கேலனை மறுத்திருக்கலாம். ஆனால் ஒன்று விதிவிலக்காகவும் இருக்கலாம் என்று எண்ணி, ஆயிரக்கணக்கில் பார்த்தார். ஓர் எலும்பின் இயல்பை அறியப் பல எலும்புகளை எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற முறையின் தொடக்கத்தை நான் இங்கே காண்கிறேன். அந்த எலும்புகளுக்குரியோர் பஞ்சத்தில் மாண்ட ஏழைகள் என்பதும் மறக்கத்தக்கதன்று. இந்தக் கதையில் அவர்களைப் போன்றோரை மீண்டும் சந்திப்போம்.

நம் நாட்டிலும் எலும்புகளை எண்ணினார்கள். சரக சங்கிதை மனித உடலில் 360 எலும்புகள் என்று கூறுகிறது. சுசுருத சங்கிதை 300 என்கிறது. இன்றைய கணக்கு 206. சரகர் பற்களையும் நகங்களையும் பற்குழிகளையும் சேர்த்துக் கணக்கிட்டதால் தொகை பெருகியது. ஆனால் தாடையெலும்பு ஒன்றே என்று சரக சங்கிதை எண்ணியிருப்பது கவனிக்கத்தக்கது. பிணத்தை ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, மெல்லத் தேய்த்துத் தோல் முதல் ஒவ்வொரு படலத்தையும் கண்ணால் காணவேண்டும் என்று சுசுருதர் கூறிய முறையையும் இங்கு நினைவுகூரலாம்.

ஐரோப்பாவில் 1543-ஆம் ஆண்டு வெசாலியசு வெளியிட்ட பெருநூலே இவ்வழக்கைத் தீர்த்தது. வளர்ந்த மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்பதை அவர் நிலைநாட்டினார். கேலன் முற்றிலும் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். பிறக்கும் குழந்தையின் தாடை இரு பாதிகளாகவே இருக்கிறது. முதல் ஆண்டுக்குள் அவை ஒன்றாகிவிடுகின்றன. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைப்பார்கள். கைதேர்ந்த நெசவாளர் கோத்த கோர்வையில் இணைந்த இடத்தைக் கண்டுபிடிக்க விரலால் தடவித்தான் பார்க்கவேண்டும். தாடையின் கோர்வையும் அத்தகையதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலும்புகளை அளக்கும் ஆர்வம் உலகெங்கும் பெருகியது. அளந்தவர்களுடைய நோக்கம்தான் வருந்தத்தக்கதாயிற்று. மண்டையோடு, தாடை, மூக்கு ஆகியவற்றின் அளவைக்கொண்டு மக்களை இனங்களாகப் பிரித்து, உயர்வு தாழ்வு கற்பிக்க அவர்கள் முனைந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாகத் தென்னாட்டுச் சாதிகளின் மூக்கையும் தலையையும் அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் செர்மானியரான யாகோரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் தாழிகளைத் தோண்டினர். அங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிச் சுக்கர்மன் எழுதிய ஆராய்ச்சியைச் சென்னை அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க சில தலைகளை வைத்துக்கொண்டு, இது இன்ன இனம், அது இன்ன இனம் என்று அறிஞர்கள் வாதிட்டனர்.

அவர்கள் வேறுபாட்டைக் கண்டது சரி. அதை இனத்தின் முத்திரையாகக் கொண்டதே தவறு. ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்ந்தவர்களின் தாடைகளை ஒரு மேசைமேல் பரப்பிவைத்தால், இனங்களுக்கிடையே அவர்கள் தேடிய வேற்றுமையெல்லாம் அந்த ஒரு மேசையிலேயே கிடைத்துவிடும். மக்களைத் தரம் பிரிக்கப் பயன்படுத்தப்பட்ட அதே வேறுபாடுதான் பின்னாளில் ஒரு நோயாளியின் உதட்டைக் காக்கும் அறிவாக மாறியது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தாடைத் தூணின் உட்புறத்தில் நரம்பு நுழையும் துளை ஒன்றைக் குறிப்பிட்டேன். அத்துளையின் வாயிலில் ஒரு சிறிய எலும்புச் சிம்பு காவல் நிற்பது போல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு லிங்குலா என்று பெயர். இலத்தீனில் சிறிய நா என்பது பொருள். செர்மானிய அறிஞர் இசுபிக்சு 1815-இல் இதை விளக்கினார். எழுபது ஆண்டுக்காலம் அது மாணவர்கள் நெட்டுருப் போடும் பெயர்களுள் ஒன்றாகவே இருந்தது.

1884-ஆம் ஆண்டு நிலைமை மாறியது. கண்ணில் கொக்கேன் மருந்தை இட்டால் கண் மரத்துவிடுகிறது என்று வியன்னாவில் கார்ல் கோலர் அவ்வாண்டு கண்டறிந்தார். செய்தி அமெரிக்காவை எட்டிய சில வாரங்களுக்குள், நியூயார்க்கில் ஆல்சுடெடு என்னும் அறுவை மருத்துவர் அம்மருந்தைத் தாடைத் துளையருகே ஊசியால் செலுத்திக் கீழ்த்தாடையின் ஒரு பாதியை உணர்விழக்கச் செய்தார். இன்று கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் ஒவ்வொரு பல் மருத்துவரும் போடும் மரப்பு ஊசி அதன் வழித்தோன்றலே. ஆல்சுடெடு தம்மீதே மருந்தைச் சோதித்து, அதற்கு அடிமையாகி, வாழ்நாள் முழுதும் துன்புற்றார். தீங்கு குறைந்த மாற்று மருந்து 1905-இல்தான் வழக்குக்கு வந்தது.

ஊசி போடுகிறவருக்குத் துளை கண்ணுக்குத் தெரியாது. தூணின் முன்விளிம்பை விரலால் தடவி, துளை இன்ன இடத்தில் இருக்கும் என்று மதிப்பிட்டே ஊசியைச் செலுத்துகிறார். எல்லாத் தாடையும் பாடநூல் படத்தைப் போன்றிருந்தால் ஊசி ஒருபோதும் தவறாது. ஆனால் சில வேளைகளில் தவறுகிறது. முறையாகப் போட்டும் பல் மரப்பதில்லை. வலி தாங்காதவர் என்று நோயாளியைக் குறைகூறுவது எளிது. குறை அவரிடம் இல்லை. துளை வேறிடத்தில் இருந்திருக்கலாம்.

அறுவைக்கு இதனினும் கூர்மையான அறிவு வேண்டும். தாடை முன்தள்ளியோ பின்னொடுங்கியோ இருந்தால் அதைச் சீராக்கும் ஒரு முறையை ஆஸ்திரியரான ஊகோ ஓப்வெகேசரும் அவர் ஆசிரியர் டிரானரும் 1957-இல் உலகறிய வெளியிட்டனர். அவரைக்காயைப் பிளப்பது போலத் தாடைத் தூணை உட்தகடு, வெளித்தகடு என்று நீளவாக்கில் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்திப் பொருத்துவது அம்முறை. முதல் வெட்டை லிங்குலாவுக்குச் சற்று மேலே போடவேண்டும். கீழே போட்டால் நரம்பு அறுபடும். பிறகு அந்த மனிதர் தம் கீழுதட்டில் சோறு ஒட்டியிருப்பதையும் உணரமாட்டார். மிகவும் மேலே போட்டால் அங்கே எலும்பு மெலிந்து இரு தகடுகளும் ஒட்டிக் கிடக்கும், நினைத்தபடி பிளக்காது. ஆகவே ஒரு சிறு சிம்பே வழிகாட்டி.

அச்சிம்பு எல்லார்க்கும் ஒரே மாதிரி இருக்கிறதா? 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 165 இந்தியத் தாடைகளை இருபுறமும் பார்த்தார்கள். முக்கோண வடிவம் 68.5 விழுக்காடு; முனை மழுங்கியது 15.8, முடிச்சுப் போன்றது 10.9, எலும்போடு கலந்து தனியே தெரியாதது 4.8. இந்தக் கடைசி எண்ணே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. ஏறத்தாழ இருபது பக்கங்களில் ஒன்றில் வழிகாட்டியே இல்லை. தாய்லாந்தில் இதே போல் பார்த்தபோது முனை மழுங்கிய வடிவமே மிகுந்திருந்தது. வேறு ஆய்வுகளில் வேறு எண்கள். இவ்வெண்களை நான் கல்வெட்டாகக் கொள்வதில்லை. ஒருவர் முக்கோணம் என்பதை மற்றவர் மழுங்கல் என்பார். பார்ப்பவர் கண்ணும் கணக்கில் புகுகிறது. வடிவம் மாறுபடும் என்பது மட்டும் உறுதி.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஐசக், ஹொல்லா என்னும் இருவர் கொரோனாய்டு முனையை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டனர். அவர்கள் பார்த்த தாடைகள் 157. முக்கோண முனை 49 விழுக்காடு, கொக்கி போல் வளைந்தது 27.4, உருண்டது 23.6. காக்கை மூக்கு என்று பெயரிட்ட கிரேக்கர் கொக்கி வடிவத்தைத்தான் கண்டிருக்கவேண்டும் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. நம் பக்கத்துக் காக்கைகள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி.

இந்த முனை ஏன் வேண்டும்? இரண்டு காரணங்கள். முகத்தில் அடிபட்டுக் கண்குழியின் தரை உடைந்தால், இம்முனையை வாய்வழியே வெட்டியெடுத்து அங்கே ஒட்டுப் போடலாம். வெளியே வடுவும் தெரியாது. எவ்வளவு எலும்பு கிடைக்கும் என்பதை அதன் வடிவம் முடிவு செய்கிறது. மற்றொன்று, பாக்கு மெல்லுவதால் வரும் நோய். கன்னத்தின் உட்தோல் நாராக இறுகி, வாய் நாளடைவில் திறக்க மறுக்கும். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டதாக 1952-இல் சுவார்ட்சு எழுதினார். அடுத்த ஆண்டு பம்பாயிலிருந்து ஜோஷி விரிவாக எழுதினார். இயல்பான வாயில் மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்கலாம்; இந்நோயாளிக்கு ஒரு விரல் நுழைவதே அரிதாகிவிடும். நார்களை அறுத்தும் வாய் திறவாவிடில் கொரோனாய்டு முனையையும் நீக்குகிறார்கள். குறுகிய வாய்வழியே, கன்ன எலும்பின் மறைவில் உள்ள ஒன்றை, வடிவம் அறியாமல் வெட்டுவது எப்படி?

தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுதும் அமர்ந்திருப்போருக்கு வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் உற்ற துணை என்பதை இந்நகரில் வளர்ந்தவர்கள் அறிவர். வாயின் ஓரத்தில் அடக்கிய புகையிலை கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே மணிக்கணக்கில் கிடக்கிறது. புற்று தோன்றுவதும் பெரும்பாலும் அங்கேயே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் உறுதிப்படுத்தியது. திருமண வீட்டுத் தாம்பாளத்தில் வைப்பதாயிற்றே என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் என்ன செய்வேன்?

ஈற்றிலிருந்து எலும்பு ஓர் அங்குலத்துக்கும் குறைந்த தொலைவில் இருக்கிறது. நோய் எலும்பின் மேல்விளிம்பை மட்டும் தொட்டிருந்தால், அவ்விளிம்பைச் செதுக்கிவிட்டுக் கீழ்விளிம்பைக் காப்பாற்றலாம்; முகத்தின் வடிவம் குலையாது. பற்கள் இருக்கும் தாடை உயரமானது. செதுக்கியபின்னும் போதிய எலும்பு நிற்கும். பற்கள் போய்ப் பல்லாண்டு ஆன முதியவரின் தாடையோ தேய்ந்து, விரற்கடை உயரமே இருக்கும். நரம்பு ஓடும் குகையும் ஏறத்தாழ மேற்பரப்புக்கு வந்துவிடும். அங்கே செதுக்கினால் மீதி நிற்பது ஒரு மெல்லிய குச்சி. அது உணவை மெல்லும்போதே முறியும். எனவே அத்தகையோருக்கு முழுத் துண்டத்தையே எடுக்க நேர்கிறது. ஒரே நோய், ஒரே அளவு. தாடையின் வடிவம் வேறாதலால் அறுவையும் வேறாகிறது.

எடுத்த துண்டத்துக்கு ஈடாக எதை வைப்பது? 1989-இல் இடால்கோ என்னும் மருத்துவர் காலின் வெளிப்புறத்துள்ள மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு பெயர்த்துத் தாடையில் பொருத்தும் முறையை வெளியிட்டார். அவர் பணியாற்றியது நியூயார்க்கில், அண்ணாவுக்கு அறுவை நடந்த அதே மெமோரியல் மருத்துவமனையில். கால் எலும்பு நேரானது, தாடையோ வளைந்தது. ஆகையால் அதை இரண்டு மூன்று இடங்களில் ஆப்பு வடிவில் வெட்டி, மடித்து, தகட்டால் பிணைத்து அந்த நோயாளியின் தாடைக்கு ஏற்ப வளைக்கவேண்டும். நுண்ணோக்கியின்கீழ் கழுத்துக் குழாயோடு அதன் குழாயையும் தைக்கவேண்டும். பல மணி நேர வேலை.

இவ்வளவு அறிவுக்கும் கருவியாயிருந்த எலும்புகள் யாருடையவை? கேட்க வாய் கூசும் கேள்வி, ஆயினும் கேட்கவேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு உரிமை கோருவாரற்ற உடல்களை ஒப்படைக்கச் சென்னை மாகாணத்தில் 1951-இல் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவிலிருந்து மனித எலும்புகள் பெட்டி பெட்டியாக அயல்நாட்டுக் கல்லூரிகளுக்குக் கப்பலேறின. கல்கத்தா அவ்வணிகத்தின் மையம். 1985-இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. பேழையிலுள்ள தாடைகளில் மையால் எழுதிய எண் இருக்கும், பெயர் இராது. ஊரும் தொழிலும் வயதும்கூடப் பெரும்பாலும் தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளில் வயது அறியப்படாத உலர்ந்த தாடைகள் என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அல்-மக்சுக் குன்றின் பெயரற்றோரிடமிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை. அண்மைக் காலத்தில் தம் உடலைத் தாமே எழுதிக்கொடுப்போர் பெருகி வருகிறார்கள். அவர்களுடைய பெயர்களைப் பதிவேட்டில் காணும்போது மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது.

இன்று கதிர்ப் படக்கருவி நோயாளியின் தாடையை அடுக்கடுக்காகப் படமெடுத்துத் தருகிறது. புற்று ஒரு பாதியை அழித்திருந்தால், நலமாக உள்ள மறுபாதியின் உருவத்தைக் கணினியில் வலம் இடமாகத் திருப்பி, அதையே மாதிரியாகக்கொண்டு புதிய தாடையைத் திட்டமிடுகிறார்கள். சிறந்த வழிதான். ஆனால் எலும்புப் பேழையைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வலப்புறத்து முனை கொக்கியாகவும் இடப்புறத்து முனை முக்கோணமாகவும் உள்ள தாடைகள் அதிலே உண்டு.